பி.எட். முடித்தாயிற்று, அடுத்து என்ன?

(ஆசிரியர் பயிற்சி முடித்த பட்டதாரிகளும் பள்ளி நிர்வாகிகளும் கலந்துகொண்ட வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





இந்த மண்டபத்தில் இரண்டு வகையினர் அமர்ந்திருக்கிறீர்கள். முன்வரிசையில் கடை வைத்திருப்பவர்கள். உங்களில் பலர் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் கமிட்டியில் உறுப்பினர். பின்வரிசையில் வேலை தேடும் பட்டதாரிகள். நாளைக்கு நேர்காணல் என்று வந்தால் இதே இரண்டு வகையினர்தான் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்காரப் போகிறீர்கள். ஆகவே இருவருக்கும் சேர்த்தே பேசுகிறேன். யாரும் பாதியில் எழுந்து போய்விட வேண்டாம்.

முதலில் கசப்பானதைப் பேசிவிடுவோம். நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஒரு தலைமுறைக்கு முன் எட்டாம் வகுப்போடு நிறுத்திய வீடுகளில் இன்று எம்.எஸ்சி., பி.எட். என்று இரண்டு பட்டங்கள். ஆனால் அந்தப் பட்டம் எங்கே பயன்படுகிறது? நிக்காஹ் அழைப்பிதழில் மணமகள் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகிறது. அத்தோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஆண் பிள்ளைகள் கதை வேறு. ஒரு தேர்வு எழுதிப் பார்க்கிறான். கிடைக்கவில்லை என்றதும் வாப்பாவின் கடையில் கல்லாவில் உட்காருகிறான், அல்லது விசாவுக்கு அலைகிறான். கடையில் உட்காருவது இழிவு என்று நான் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்துக்கான செலவே கடைக்காரர்கள் கொடுத்ததுதான். இரண்டாண்டு உழைத்துப் பெற்ற தகுதியை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமலேயே மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

பழைய கணக்கும் புதிய கணக்கும்

பெற்றோர் பலர் இன்னும் பழைய கணக்கில் இருக்கிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தால் என்றாவது ஒருநாள் கடிதம் வரும் என்பது அந்தக் கணக்கு. பதிவு மூப்பின்படி ஆசிரியர்களை எடுத்த காலம் ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவிக்கை வெளியிட்டு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டும் என்றாக்கியது. நாம் டெட் என்று சொல்கிறோமே, அதுதான்.

தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2,448 பேர்! மற்றவர்கள் எல்லாம் மக்குகளா? இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்விகளுக்கு விடையளிக்கும் பழக்கமே இல்லாமல் போய் உட்கார்ந்தவர்கள். அதே ஆண்டு அக்டோபரில் நேரத்தை மூன்று மணியாக்கி மறுதேர்வு வைத்தபோது தேர்ச்சி கூடிற்று. அறிவு மூன்று மாதத்தில் வளர்ந்துவிடவில்லை. நேரம் கூடியது, தேர்வு எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துபோயிற்று.

2018-இல் அரசாணை 149 வந்தது. டெட் தேறினால் மட்டும் போதாது, பணி நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனியே ஒரு போட்டித் தேர்வு வைக்கும் என்றார்கள். 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியர்களுக்கும் ஜூலையில் இடைநிலை ஆசிரியர்களுக்கும் அப்படித்தான் தேர்வு நடந்தது. ஆக, டெட் என்பது வாசல். உள்ளே இன்னொரு வாசல் இருக்கிறது. நல்ல வேளையாக, ஒருமுறை டெட் தேறிவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று 2021-இல் மத்திய அரசு அறிவித்துவிட்டது. தேர்ச்சி மதிப்பெண் பிரிவுக்குப் பிரிவு மாறும், அவ்வப்போது திருத்தவும் செய்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமா சொன்னதை நம்பாமல் கடைசியாக வந்த அறிவிக்கையைப் பாருங்கள்.

பி.எட். முடித்தவர்கள் இன்னொன்றையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். நீங்கள் எழுத வேண்டியது டெட் இரண்டாம் தாள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழி 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல். முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் இருந்தால், டெட் இல்லாமலேயே மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் போகலாம். அங்கே 150-இல் 110 உங்கள் பாடம், 30 கல்வியியல், 10 பொது அறிவு.

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் இந்தப் போட்டித் தேர்வுகளோடு கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அதில் நூற்றுக்கு 40 எடுக்காவிட்டால் உங்கள் பாடத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் அது கணக்கில் வராது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது வழியில் படித்து வந்த பிள்ளைகள் இதைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடநூல்களை எடுத்து வைத்துக்கொண்டு தினம் ஒரு பாடம் படியுங்கள். கடையில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கும் இது பொருந்தும். லுஹருக்கும் அஸருக்கும் இடையில் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் கல்லாவுக்குக் கீழே ஒரு பாடநூல் இருக்கட்டும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. அங்கே போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாக வகுப்பு நடத்துகிறார்கள். எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

சிலர் ஒரு வாதம் செய்வார்கள்: "நம்முடையது சிறுபான்மைப் பள்ளிக்கூடம். டெட் நமக்கு எதற்கு?" சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அந்தக் கருத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று பெரிய அமர்வுக்கு அனுப்ப வகை செய்தது. மற்றப் பள்ளிகளில் ஏற்கனவே பணியில் இருப்போர், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாண்டுக்குள் டெட் தேறியாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரையே எழுது என்கிறபோது, இன்று நுழையப் போகும் நீங்கள் விலக்கை நம்பி உட்காரலாமா? சிறுபான்மை உரிமை பள்ளிக்கூடத்தை நடத்துவதற்கான உரிமை. அதை நம் பிள்ளைகள் படிக்காமல் இருப்பதற்கான சலுகையாக்கிக் கொள்ளக் கூடாது.

மூன்றரை சதவீதமும் ஒரு எழுத்துப் பிழையும்

2007-இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. இருநூறு இடங்களுக்கு ஏழு. சமுதாயம் எத்தனை மாநாடு போட்டு, எத்தனை தெருவில் நின்று கேட்டது இது! ஆனால் அந்த ஏழு இடத்துக்கும் தேர்வில் தேறிய ஆள் இருந்தால்தான் அது நம்முடையது.

சாதிச் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 2007-க்கு முன் வாங்கியதாக இருந்தால் அதில் பிற்படுத்தப்பட்டோர் என்று மட்டுமே இருக்கும். முஸ்லிம் உள் ஒதுக்கீட்டுப் பிரிவு அப்போது கிடையாது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, துதேகுலா, மாப்பிள்ளா, அன்சார், ஷேக், சையது என்று பட்டியலில் ஏழு பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் பிரிவின் பெயர் சரியாக எழுதப்பட்ட புதுச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வாங்கி வையுங்கள். அறிவிக்கை வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால், கடைசித் தேதிக்கு மறுநாள்தான் கையில் கிடைக்கும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நேரடி நியமனங்களில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் அப்படியே இருக்க வேண்டும். ஆகவே படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ் வழிச் சான்று வாங்க வேண்டியிருக்கும். தலைமையாசிரியர் ஊரில் இல்லை, பதிவேடு கிடைக்கவில்லை என்று அலைக்கழிப்பு வரும். விடுமுறைக்கு முன் போய் வாங்கிவிடுங்கள்.

பெயர் விஷயம் நம் சமுதாயத்துக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முகமது, ஆதாரில் முஹம்மது, பட்டச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூட, இன்னொன்றில் குறைய. ஓரிடத்தில் பாத்திமா, இன்னோரிடத்தில் பாத்திமா பீவி. திருமணமானதும் அத்தாவின் முதலெழுத்தை எடுத்துவிட்டுக் கணவர் முதலெழுத்தை ஆதாரில் போட்டுக்கொள்கிறார்கள். சரிபார்ப்பு மேசையில் இருப்பவருக்கு இருவரும் ஒருவர்தான் என்று எப்படித் தெரியும்? பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் கொண்டு வாருங்கள். முடியாத இடத்தில் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு அந்தப் பிரதியைக் கோப்பில் வையுங்கள். வாரியத்தின் ஆசிரியர் தேர்வுகளில் நேர்காணல் கிடையாது. எழுத்துத் தேர்வுக்குப் பின் சான்றிதழ் சரிபார்ப்புதான். ஆகவே அங்கே உங்கள் கோப்புதான் உங்களுக்காகப் பேச வேண்டும்.

கரும்பலகைக்கு முன்னால்

உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி ஆகியவற்றில் நிலைமை வேறு. அங்கே ஆளைப் பார்க்கிறார்கள். கேந்திரிய வித்யாலயாவும் தன் 2022 ஆட்சேர்ப்பில் எழுத்துத் தேர்வுக்குப் பின் வகுப்பு நடத்திக் காட்டச் சொல்லி, நேர்காணலும் வைத்தது. தனியார் பள்ளிகள் ஜூனில் திறக்கும் வகுப்புகளுக்கு மார்ச் முதல் மே வரை ஆள் எடுக்கின்றன. விளம்பரத்துக்குக் காத்திருக்காதீர்கள். ஒரு பக்கத்தில் விவரக் குறிப்பு எழுதி, சுற்றியுள்ள பத்துப் பள்ளிகளுக்கு நேரில் போய்த் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை 2022 முதல் எடுத்திருக்கிறார்கள். தொகுப்பூதியம்தான், ஆனாலும் வகுப்பறையில் நிற்கும் பழக்கம் வரும். உங்கள் தெருப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று கேட்டு வைப்பதில் என்ன நஷ்டம்?

இப்போது நேர்காணலுக்கு வருவோம். நம் பிள்ளைகள் நேர்காணல் என்றால் முதலில் எதைத் தேடுகிறார்கள்? சிபாரிசை. "கமிட்டித் தலைவர் நம்ம மச்சானுக்குச் சம்பந்தி" என்று ஆரம்பிக்கிறார்கள். ஜமாஅத் தலைவரிடம் ஒரு கடிதம், ஹஜ்ரத்திடம் ஒரு கடிதம். அந்த அலைச்சலுக்குச் செலவிடும் நாட்களில் பாதியை மாதிரி வகுப்புக்குச் செலவிட்டால் கடிதமே தேவைப்படாது. ஆசிரியர் வேலைக்கு இருக்கும் வசதி மற்ற வேலைகளுக்கு இல்லை. கணக்காளர் தன் திறமையைக் காட்ட ஓராண்டு ஆகும். ஆசிரியர் பத்தே நிமிடத்தில் காட்டிவிடலாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? பி.எட்.டில் எழுதிய பாடத்திட்டத்தை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். முன்னறிவைச் சோதிக்கிறேன் என்று சம்பந்தமில்லாத நாலு கேள்வி, பிறகு தலைப்பை எழுதி, அடிக்கோடிட்டு, வரையறையை ஒப்பித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடும். ஒரு பிள்ளையும் வாய் திறந்திருக்காது. பலகையைப் பார்த்துக்கொண்டே பேசியிருப்பார்.

ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வழக்கமாகத் தவறு செய்யும் இடமாக அது இருக்கட்டும். ஆறாம் வகுப்புக் கணக்கில் பின்னங்கள் என்று வைத்துக்கொள்வோம். "மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா?" என்று கேளுங்கள். நான்கில் ஒன்றுதான் பெரியது என்று பல பிள்ளைகள் சொல்லும். மூன்றைவிட நான்கு பெரிதாயிற்றே! "தப்பு, உட்கார்" என்றீர்களானால் பாடம் அங்கேயே செத்தது. "அப்படியா? சரி, பார்த்துவிடுவோம்" என்று சொல்லி ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளைக் கையில் கொடுங்கள். இது ஒரு மீட்டர் துணி. இதை மூன்று பேருக்குச் சமமாகப் பிரி. அதுவும் ஒரு மீட்டர்; அதை நான்கு பேருக்குப் பிரி. பிள்ளை மடிக்கும். இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். பங்குக்கு ஆள் கூடினால் பங்கு சிறுத்துப் போகும் என்று அதுவே சொல்லும். சொன்ன பிறகு நீங்கள் பலகையில் 1/3, 1/4 என்று எழுதி, எது பெரியது என்று குறியிடுங்கள். கடைசியில், "அப்படியானால் ஐந்தில் ஒன்று?" என்று இதுவரை பேசாத பிள்ளையைக் கேளுங்கள். அது சரியாகச் சொன்னால் உங்கள் பாடம் வெற்றி. (காகிதத்தைச் சமமாக மூன்றாக மடிப்பது எளிதல்ல. முந்தின இரவே மடித்துக் கோடு விழச் செய்துகொண்டு போங்கள். அங்கே போய்த் திண்டாட வேண்டாம்.)

கமிட்டியில் இருக்கும் ஜவுளிக்கடைக்காரருக்குக் கல்வி உளவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பாடம் அவருக்குப் புரியும். பிள்ளைகள் இல்லாமல் வெறும் கமிட்டிக்கு முன்னால் நடத்தச் சொன்னாலும் இதையே செய்யலாம். காகிதத்தை அவர் கையில் கொடுங்கள், தயங்காமல் வாங்கி மடிப்பார். தமிழ் ஆசிரியராக இருந்தால் ல, ழ, ள. அறிவியல் என்றால் இரும்பு ஆணி மூழ்கும்போது இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது என்பது. உங்கள் பாடத்தில் இப்படி மூன்றைத் தயாரித்து வைத்தால் எந்த வகுப்புக் கொடுத்தாலும் சமாளிக்கலாம்.

கேள்விகளும் பதில்களும்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பலர் அத்தா பெயர், ஊர், உடன்பிறந்தோர் எண்ணிக்கை என்று குடும்ப அட்டையை வாசிக்கிறார்கள். அது விண்ணப்பத்திலேயே இருக்கிறது. என்ன பாடம், கற்பித்தல் பயிற்சியில் எந்த வகுப்புக்கு எடுத்தேன், அங்கே எது கடினமாக இருந்தது, அதற்கு என்ன செய்தேன் என்று ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள்.

"எட்டாம் வகுப்பில் வாசிக்கவே தெரியாத பிள்ளை இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். "பெற்றோரை வரச் சொல்வேன்" என்பது பதிலாகாது. அந்தப் பெற்றோர் பூ விற்கப் போயிருப்பார், அல்லது தோல் தொழிற்சாலையில் இருப்பார். எழுத்துத் தெரியவில்லையா, எழுத்துக் கூட்டத் தெரியவில்லையா, வாசித்தும் பொருள் புரியவில்லையா என்று முதலில் கண்டுபிடிப்பேன், தினம் பத்து நிமிடம் தனியே ஒதுக்குவேன் என்று சொல்லுங்கள். தொடக்க வகுப்புகளுக்கு 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கிறது. பட்டயம் முடித்தவர்கள் அதன் பயிற்சி நூல்களைப் பார்க்காமல் நேர்காணலுக்குப் போகக் கூடாது.

"பிள்ளையை அடிப்பீர்களா?" என்று கேட்டால் சிலர், கமிட்டிப் பெரியவர்களுக்குப் பிடிக்கும் என்று எண்ணி, "கண்டிப்பாக இருப்பேன்" என்று மழுப்புகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. "அடிக்க மாட்டேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குக் கொடுமை நேர்ந்தது தெரிந்தும் தகவல் சொல்லாமல் மறைத்தால் அதுவே குற்றம் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

சகோதரிகளுக்குத் தனியாகச் சில கேள்விகள் வரும். "கல்யாணமானால் நின்றுவிடுவீர்களா?" பதிலை வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு போங்கள், அங்கே போய் அத்தா முகத்தைப் பார்க்க முடியாது. வேறு சில இடங்களில் உங்கள் உடையைப் பற்றிக் கேட்பார்கள். கோபப்படவும் வேண்டாம், கூனிக் குறுகவும் வேண்டாம். "இது என் உடை. என் பாடத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பலகைக்குப் போங்கள். அதன் பிறகும் ஒப்பவில்லை என்றால் அந்த வேலை நமக்கானதல்ல; அதைச் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொள்வதைவிட அன்றே தெரிந்துகொள்வது நல்லது. தம்பிகளுக்கு ஜும்ஆ இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதிய உணவுக்குப் பின் வரும் முதல் பாடவேளையை வேறு நாளுக்கு மாற்றித் தர முடியுமா, அதற்கு ஈடாக வேறு பாடவேளை எடுத்துக்கொள்கிறேன் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். பெரும்பாலான தலைமையாசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள். சேர்ந்த பின் சொல்லாமல் போய்விட்டு வருவதுதான் கெட்ட பெயர்.

நீங்களும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். உதவிபெறும் பள்ளியாக இருந்தால், இது அனுமதிக்கப்பட்ட பணியிடமா, மாணவர் எண்ணிக்கைப்படி உபரி இல்லையா, நியமன ஒப்புதலுக்குக் கருத்துரு எப்போது அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். நிர்வாகம் நியமித்தாலும் கல்வித்துறை ஒப்புதல் தந்தால்தான் அரசுச் சம்பளம். ஒப்புதலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களை நான் அறிவேன். தனியார் பள்ளியில் சம்பளம் எவ்வளவு, விடுமுறை மாதத்துக்கு உண்டா, வருங்கால வைப்பு நிதி பிடிப்பார்களா என்று கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் பள்ளிக்கு வைப்பு நிதி பொருந்தும். தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2009-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நியமன ஆணை எழுத்தில் வேண்டும். அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள். ஆனால் பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். அசலைப் பூட்டி வைத்துக்கொண்டு, அரசுப் பணிக்கான சரிபார்ப்பு நாளில்கூடத் தர மறுத்த நிர்வாகம் உண்டு.

வளைகுடாவில் இந்தியப் பள்ளிகள் பல இருக்கின்றன, அங்கேயும் பி.எட்.டுக்கு மதிப்பு உண்டு. சான்றிதழ்களுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம் என்று வரிசையாக அத்தாட்சி வாங்க நாளாகும். முகவர் பதிவு பெற்றவர்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கமிட்டிப் பெரியவர்களுக்கு

இனி முன்வரிசைக்கு வருகிறேன். ஒரு பள்ளி நேர்காணலில் வெளியாளாக உட்கார்ந்திருந்தேன். ஏழு பேர் வந்தார்கள். முதலில் வந்த பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க அத்தா யாரும்மா?" இரண்டாவது கேள்வி, "எந்தத் தெரு?" மூன்றாவது கேள்வி இல்லை. ஏழு பேரில் ஒருவரிடமும் ஒரு வரி பாடம் நடத்தச் சொல்லவில்லை. அன்று தேர்வான ஆசிரியரிடம்தான் ஒவ்வோர் ஆண்டும் நாற்பது பிள்ளைகள் கணக்குப் படிக்கப் போகிறார்கள். கடைக்கு அரிசி எடுக்கும்போது மூட்டையில் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டி, கடித்துப் பார்த்து எடுக்கிற நாம், ஆசிரியரை மட்டும் தெருப் பெயர் கேட்டு எடுக்கலாமா, பாய்?

கட்டட நிதி என்ற பெயரில் பணியிடத்துக்குப் பணம் கேட்கும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரியும். உம்மாவின் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறவர் அந்தப் பணத்தை எங்கே எடுப்பார்? மாலையில் தனிப்பயிற்சி வைப்பார். பகலில் வகுப்பில் சொல்லித் தராததை மாலையில் விற்பார். ஏழைப் பிள்ளை இரண்டு இடத்திலும் நஷ்டப்படும். இன்னும் சில பள்ளிகளில், நம் கடையில் துணி மடித்துப் போடும் பையனுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகப் பட்டதாரி ஆசிரியைக்குக் கொடுக்கிறோம். "பெண் பிள்ளைதானே, பொழுதுபோக்குக்கு வருகிறது" என்று ஒரு சமாதானம் வேறு. அந்தப் பெண் இரண்டாண்டில் நின்றுவிட்டால், "நம் பெண்கள் நிலைத்து வேலை பார்ப்பதில்லை" என்று அதே நாம்தான் சொல்கிறோம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த நேர்காணலில் தலைமையாசிரியரோடு, பாடம் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் கமிட்டியில் உட்கார வையுங்கள். வந்தவர் ஒவ்வொருவரும் உண்மையான வகுப்பில், உண்மையான பிள்ளைகளுக்கு முன்னால் பத்து நிமிடம் பாடம் நடத்தட்டும். தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கையெழுத்திடுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு மஹல்லாவிலும் மதரஸாக் கட்டடம் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது. அதைப் பயிற்சி வகுப்புக்குத் திறந்துவிடுங்கள். ஒரு பலகை, ஒரு பெட்டி சுண்ணக்கட்டி, தெருவில் விளையாடும் பத்துப் பிள்ளைகள், முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாழைப்பழம். வேலை தேடும் ஆசிரியர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பாடம் நடத்தட்டும். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து, எங்கே பிள்ளை முகம் திருப்பியது என்று குறித்துக் கொடுக்கட்டும். செலவு ஒரு நாள் தேநீர்க் காசுதான். சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்று இஷாவுக்குப் பின் முத்தவல்லியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.